சோறு போடுவதற்குக் கல் சுமந்த ஊர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளைப்பேறு பார்க்கிறவளுக்குக் கத்தரிக்கோலும் வெந்நீரும் எப்படியோ, கோபமும் அப்படித்தான்; கையோடு இருக்க வேண்டும். வலி வந்தவளைச் சுற்றி நின்று அழும் சொந்தக்காரரைக் கெஞ்சி வெளியே அனுப்ப முடியாது. அதட்டித்தான் அனுப்ப வேண்டும். வடமராட்சிக் கரையோரத்து ஊர் ஒன்றில் என் காலமெல்லாம் அப்படி அதட்டியே போனது. அந்த அதட்டலால் ஒருமுறை ஒரு கட்டடமே எழும்பியது. அதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

அறுபதுகளின் நடுப்பகுதி. ஊரின் சிறிய தேவாலயத்து வளவுக்குள் ஒரு மருந்துச்சாலை இருந்தது. கிழமைக்கு ஒருமுறை டொக்டர் வருவார்; மற்ற நாளெல்லாம் நான்தான். கொழும்பில் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து வந்திருந்த என்னை ஊரார் 'மிஸி' என்று கூப்பிட்டார்கள். நான் சைவ சமயம், கடலோடிக் குடும்பம், வெள்ளிக்கிழமையில் மீன் சட்டியைத் தொடமாட்டேன். சம்பளம் தந்தது தேவாலயம். இதில் எனக்கும் குழப்பம் இல்லை, போதகருக்கும் குழப்பம் இல்லை. பிறக்கிற பிள்ளை எந்தச் சமயத்தாரின் கையில் விழுகிறோம் என்று பார்த்து விழுவதில்லை.

மருந்துச்சாலைக்குப் பின்னால் பிள்ளைப்பேற்றுக்கென்று, தென்னோலைக் கிடுகு வேய்ந்த ஒரு கொட்டில் இருந்தது. கோடையில் அதைக் குறை சொல்ல முடியாது. கடற்காற்று நன்றாக வரும். மாரி தொடங்கினால் போச்சு. மேலே கிடுகு ஒழுகும், கீழே வெள்ளம் ஊறும். கட்டில் கால்களுக்குக் கல் வைத்து உயர்த்தி, ஒருத்தி குடை பிடிக்க, கணுக்கால் தண்ணீரில் நின்று நான் பிள்ளை எடுத்திருக்கிறேன்.

என் தம்பியின் மனைவி, என் மச்சாள், இரண்டு பிள்ளைகளை இழந்தவள். முதலாவது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், தெருவைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தில் வாடகைக் கார் நின்றுபோய், காருக்குள்ளேயே போனது. இரண்டாவதைக் கொட்டிலில் நான்தான் எடுத்தேன். நல்ல பிள்ளை, நல்ல சத்தம். ஆனால் மழை விடவேயில்லை. பிள்ளையைத் துடைக்கத் துடைக்க நனைந்தது. சுற்றிய துணியும் நனைந்தது. சளி பிடித்து, காய்ச்சல் கண்டு, பேர் வைக்க முன்னமே போய்விட்டது. மச்சாள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூன்றாவது முறை முழுகாமல் இருந்தபோது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"மச்சாள், இந்தமுறை நனையாத இடத்திலை பெறவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

நாள் கணக்குப் பார்த்தேன். ஐப்பசி. மழை கொட்டுகிற மாதம். அவளுடைய வீடும் கிடுகு வீடுதான். "பாப்பம்" என்றேன். அந்தச் சொல்லை நான் வேறு யாருக்கும் சொன்னதில்லை. எல்லோருக்கும் "ஓம்" அல்லது "இல்லை"தான்.

அந்த நேரம் பார்த்துப் போதகர் ஒரு செய்தியோடு வந்தார். இங்கிலாந்தில் ஒரு தேவாலயத்தார் எங்களுக்கு ஓட்டுக்கூரையும் சீமெந்து நிலமும் கொண்ட இரண்டு அறைகள் கட்டித்தரச் சம்மதித்திருக்கிறார்களாம். கட்டுவதற்குத் தங்கள் பிள்ளைகளையே அனுப்புகிறார்களாம். ஆவணியில் வந்து ஐப்பசியில் திரும்புவார்களாம்.

"ஆர், வெள்ளைக்காரரோ? மண்வெட்டி பிடிக்கவோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸி. கூலி இல்லாமல். தொண்டாக."

நான் நம்பவில்லை. ஆனால் மச்சாளிடம் போய் "ஓம்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்து சந்தியில் வந்து நிற்கிற பஸ்ஸையெல்லாம் எட்டிப் பார்க்கத் தொடங்கினேன்.

சொன்னபடி வந்தார்கள். கொழும்பில் கப்பலால் இறங்கி, ரயில் பிடித்து, யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பத்துப் பன்னிரண்டு இளம் பெண்களும் பையன்களும் ஊர்ச் சந்தியில் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய தலைவி ஐம்பது வயது மதிக்கத்தக்க பள்ளிக்கூட ஆசிரியை. நெட்டை உருவம், காற்சட்டை, வெயிலில் தக்காளிப்பழமாகச் சிவந்த மூக்கு. இறங்கியதுமே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்ட முதற் கேள்வி, "அத்திவாரம் எந்த இடத்தில்?" என்பது. எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

ஆனால் அத்திவாரம் வெட்டுகிற இடத்துக்கு அவரை யார் விட்டார்கள்? சந்தியில் மேளமும் நாதஸ்வரமும் நின்றன. கோயில்காரர் மாலையோடு நின்றார்கள். தேவாலயத்துக்கு வந்த விருந்தாளி என்றாலும் ஊருக்கு வந்த விருந்தாளி அல்லவா? பன்னீர் தெளித்து, சந்தனம் பூசி, ஊரைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வந்து சேர்க்கப் பொழுது சாய்ந்துவிட்டது. சரி, முதல் நாள்தானே என்று பொறுத்தேன்.

அடுத்த நாள் காலையில் ஒரு பையன் அலவாங்குக் கம்பியை எடுத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஒரு குத்துக் குத்தினான். இரண்டாவது குத்துக்கு முன்னம் எங்கள் ஆள் ஒருவர் ஓடிவந்து அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"விடுங்கோ தம்பி, விடுங்கோ. நீங்கள் உந்தக் கம்பியைத் தொடக்கூடாது. உங்கை இருங்கோ."

பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு கதிரை வந்தது. கையில் இளநீர் வந்தது. வந்த பெண்பிள்ளைகளில் நாலு பெட்டைகள் கல் அரியத் தொடங்கினார்கள். அதாவது சீமெந்தும் மண்ணும் குழைத்து அச்சில் போட்டுக் கட்டடக் கல் எடுக்கிற வேலை. அவர்களுக்கும் கதிரை வந்தது. ஒருத்தி கதிரை வேண்டாம் என்று குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். உடனே அவளுக்குப் பின்னால் எங்கள் ஊர் மனிதர் ஒருவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நகர, குடையும் நகர்ந்தது. அவள் மண் எடுக்க ஓடினால் அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே ஓடினார். குடை பிடிக்க ஆள் இருந்தது, தேத்தண்ணி ஊற்ற ஆள் இருந்தது, சுற்றி நின்று பார்க்க ஊரே இருந்தது. கல் அரியத்தான் ஆள் இல்லை.

மத்தியானம் வந்தால் இன்னும் மோசம். விருந்தாளி வந்தால் வீட்டுக்கு அழைத்துச் சோறு போடாமல் விடுவது எங்கள் பக்கத்தில் இல்லை. ஒரு வீட்டில் சாப்பிட்டால் அடுத்த வீட்டுக்காரிக்குக் கோபம். "அங்கை கை நனைச்சவை, எங்கடை வீட்டிலை தண்ணிகூடக் குடிக்கேல்லை" என்பாள். ஆகவே மூன்று வீட்டில் சாப்பிட்டார்கள். ஒரு வீட்டில் நண்டுக் கறி, அடுத்த வீட்டில் ஒடியற் கூழ், மூன்றாவது வீட்டில் இரண்டுக்கும் மேலாகப் பாயாசம். போதும் என்பதை வாயால் சொன்னால் எங்கள் பெண்கள் நம்புவார்களா? இலையை மறித்து விழுந்து படுத்தால்தான் நம்புவார்கள். பையன்கள் அதையும் செய்தார்கள். உண்ட இடத்திலேயே சுவரோடு சாய்ந்து தூங்கிப்போனார்கள். வேலை செய்யக் கப்பலேறி வந்த பிள்ளைகளைக் கொழுக்க வைத்து அனுப்புவதென்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

புரட்டாதி பிறந்தபோது அத்திவாரக் கிடங்கு முழங்கால் ஆழம்கூட இல்லை. கரவெட்டியிலிருந்து வந்திருந்த மேசன் கட்ட எதுவும் இல்லாமல் வேப்பமரத்தின் கீழ் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மச்சாளின் வயிறு முன்னால் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் கடந்து மெதுவாக நடந்து வருவாள், கிடங்கைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள்.

ஒருநாள் தலைவி என்னைத் தேடி மருந்துச்சாலைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். பிறகு அழுதார். அவ்வளவு நெட்டையான மனுசி அழுவதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இவர்கள் அன்பானவர்கள்," என்றார். "இவ்வளவு அன்பை நான் எங்கும் காணவில்லை. ஆனால் இப்படியே போனால் நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம். எங்களை அனுப்பிய சனத்தின் முகத்தில் எப்படி முழிப்பேன்? நாங்கள் பிடித்த மண்வெட்டியை அவர்கள் பிடுங்கினாலும் பரவாயில்லை. பிடுங்கியவர்கள் வெட்டவும் இல்லையே!"

அவர் சொன்னது முழு உண்மை. பிடுங்கியது மரியாதைக்கு, பிடுங்கியவருக்கு வெட்டுகிற எண்ணமே கிடையாது. போதகரிடம் போனேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"மிஸி, கோவிக்காதேங்கோ. சனம் ஆசையிலை செய்யுது. சாப்பிடக் கூப்பிடாதேங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? நாளைக்கு ஒருத்தரும் என்னோடை கதைக்கமாட்டினம்."

"நீங்கள் சொல்லவேண்டாம் ஐயா. ஆக்களைக் கூட்டித் தாருங்கோ. நான் சொல்லுறன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலய வளவில் கூட்டம். எங்கள் சைவ ஆட்களும் வந்திருந்தார்கள். வெள்ளைக்காரர் பேசப்போகிறார்கள் என்று நினைத்து நல்ல உடுப்போடு வந்திருந்தார்கள். நான் ஒரு வாங்குப் பலகையின் மேல் ஏறி நின்றேன். என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு போகவில்லை. கோபம்தான் சொற்களைக் கொண்டுவந்தது.

"எல்லாரும் கேளுங்கோ. நாளையிலையிருந்து உந்தப் பிள்ளையள் ஒருத்தற்றை வீட்டுக்கும் சாப்பிட வரமாட்டினம். இந்த வளவை விட்டு அசையமாட்டினம். சோறு குடுக்க ஆசைப்படுற வீட்டுக்காரர் இங்கை கொண்டுவந்து குடுக்கலாம். ஆனால் சும்மா குடுக்க ஏலாது. விடியக் காலமை வந்து, அவையோடை நிண்டு மத்தியானம்வரை வேலை செய்யவேணும். கல்லுச் சுமக்கிற வீட்டுக்குத்தான் சோறு போடுற உரிமை. வேலை செய்யாத வீட்டுச் சோத்தை நான் நாய்க்குப் போடுவன்!"

வெளிநாட்டுப் பிள்ளைகள், என்ன நடக்கிறது என்று தெரியாமல், நான் ஏதோ நல்ல வார்த்தை சொன்னதாக எண்ணிக் கை தட்டினார்கள்.

முன் வரிசையிலிருந்து சம்மாட்டியார் எழுந்தார். ஊரிலேயே பெரிய வள்ளங்கள் அவருடையவை. அரைவாசிப் பேர் அவருடைய வலையில் தொழில் செய்தார்கள். அவருடைய வீட்டு விருந்து அந்தக் கிழமை நடக்க இருந்தது. ஆடும் வாங்கிக் கட்டியாயிற்று.

"மிஸி, என்னையோ கல்லுச் சுமக்கச் சொல்லுறியள்?"

"ஓம். உங்களைத்தான்."

"சனம் என்ன சொல்லும்?"

"உங்கடை பேரப்பிள்ளை கால் முன்னுக்கு வந்தவன். ஒழுகிற கொட்டிலுக்கை நிண்டு நான் அவனை இழுத்தெடுக்கேக்கை சனம் ஒண்டும் சொல்லேல்லை. இப்ப சொல்லுறதெண்டால் சொல்லட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போதகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கும் பயம் வந்தது. ஆனால் முகத்தில் காட்டவில்லை.

விடிந்ததும் வளவுக்குள் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். சம்மாட்டியார் நின்றார். வெறும் மேல், தலையில் துண்டு. அவருக்குப் பின்னால் இரண்டு மகன்மார். அவர்களுக்குப் பின்னால் வள்ளத்தில் போகாத தொழிலாளர் அத்தனை பேரும். தெருவில் அவர் மனைவி, சோற்றுக் கிடாரம் ஏற்றிய வண்டிலோடு நின்றார்.

"முதல் சோறு எங்கடை," என்றார் சம்மாட்டியார். "அதை இப்பவே சொல்லிப்போட்டன். எவ்வளவு கிடங்கு வெட்டவேணும்?"

மத்தியானம் ஆவதற்குள் கிடங்கு முடிந்துவிட்டது! வெள்ளைக்காரப் பையன்கள் அவர்களுக்கு ஈடு கொடுக்க நாக்குத் தள்ளத் தள்ள வெட்டினார்கள். இப்போது யாரும் அலவாங்கைப் பிடுங்கவில்லை. பிடுங்க யாருக்கும் கை ஓய்வாக இல்லை. பிறகு வேப்பமரத்தின் கீழ் ஆட்டுக்கறியும் சோறும். சம்மாட்டியார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு தன் கையாலேயே பரிமாறினார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை.

அதற்குப் பிறகு ஊரை அடக்கத்தான் ஆள் தேவைப்பட்டது. சம்மாட்டியார் வீட்டார் கிடங்கு வெட்டிச் சோறு போட்டார்கள் என்றதும் மற்ற வீட்டாருக்குப் பொறுக்குமா? அடுத்த நாள் வந்தவர்கள் அவரைவிடக் கூட ஆட்களோடு வந்தார்கள். அதற்கடுத்த நாள் வந்தவர்கள் தங்கள் கல் அச்சையும் கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமை மரக்கறிச் சோறு என்பதால் அன்று ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். அன்றுதான் கோயில்காரர் வந்து கதவு நிலைகளை நிறுத்தினார்கள். நிலை வைக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டு வந்தவர்களும் அவர்களே. போதகர் ஜெபம் சொன்னார், கோயில்காரர் மஞ்சள் பூசினார், தலைவி நூல் குண்டு பிடித்து நிலை நேராக நிற்கிறதா என்று பார்த்தார். உள்ளூர்க் கடலோடிகளின் விருந்தைக் கேள்விப்பட்டுக் கரவெட்டித் தோட்டக்காரர்களும் ஒரு நாள் வண்டில் கட்டி வந்தார்கள். வாழைக்காய்க் குலையும் கத்தரிக்காயும் ஒரு வண்டிலில், சுண்ணாம்புக் கல் மற்ற வண்டிலில்.

பனைமரத் தீராந்திகளை, அந்தப் பெரிய உத்தரங்களை, சுவருக்கு மேலே ஏற்றிய அன்று வள்ளம் இழுக்கிற கயிறும் கப்பியும் வந்தன. வள்ளம் தள்ளும்போது போடுகிற அதே சத்தத்தைப் போட்டு, வெள்ளைக்காரப் பையன்களும் மூச்சுப் பிடித்து இழுக்க, தீராந்தி ஆடிக்கொண்டு மேலே போனது. சொல் விளங்காமலே அவர்கள் அந்தச் சத்தத்தை எங்கள் ஆட்களைவிடப் பலமாகப் போட்டார்கள். குடை பிடித்த மனிதர் குடையை எங்கோ தொலைத்துவிட்டுச் சாந்து நிறைந்த தாச்சிச் சட்டி சுமந்தார். மச்சாள் வழக்கம்போல வந்து பார்த்துவிட்டு, அன்று முதன்முறையாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

ஐப்பசி பிறந்தது. கைமரம், அதற்கு மேல் ஓடு கொளுவுகிற சிலாகைச் சட்டம் எல்லாம் ஏறிவிட்டன. ஓடு போடத் தொடங்கினோம். சாரம் கட்டத் தடி போதாமல் பழைய கொட்டிலைப் பிரிக்கச் சொன்னேன். மேசன் யோசித்தார். "மழைக்கு முன்னம் ஓடு முடியாட்டில் உங்களுக்கு அதுவும் இல்லை, இதுவும் இல்லை மிஸி" என்றார். "பிரியுங்கோ" என்றேன். பிள்ளைப்பேற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்பது என் கணக்கு.

என் கணக்கு பிழைத்தது. கடல் பக்கத்துச் சரிவு முழுவதும் ஓடு போட்டாகி, தெருப் பக்கத்துச் சரிவில் அன்றுதான் தொடங்கியிருந்தோம். வெளிநாட்டுப் பிள்ளைகள் புறப்பட இருந்த கிழமை அது. காலையிலிருந்தே வடகிழக்கில் கடல் கறுத்துக் கிடந்தது. அப்போது தம்பி படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் மச்சாள், தன் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வந்தாள்.

"அக்கா, வலி வந்திட்டுது," என்றான் தம்பி.

சோதித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை. கொட்டிலும் இல்லை. அறைக்குள் கட்டிலை ஓடு போட்ட பக்கத்துச் சுவரோடு தள்ளிப் போட்டு அவளைக் கிடத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அரைவாசிக் கூரை, அரைவாசி வானம். அந்த வானத்தில் மேகம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மேலே சிலாகைகளின் மேல் மேசனும் நாலைந்து ஆண்களும் தலைவியும் அவருடைய பெட்டைகளும் நின்று ஓடு கொளுவிக்கொண்டிருந்தார்கள். மச்சாளின் தாய் அதைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ மிஸி, ஆம்பிளையள் மேலை நிக்க என்ரை பிள்ளை எப்பிடிப் பெறுறது? பெத்தாலும் நாளைக்கு ஊருக்கை எப்பிடி நடக்கிறது?"

எங்கள் ஊரில் அது நடவாத காரியம். பிள்ளைப்பேறு நடக்கிற வீட்டு முற்றத்தில்கூட ஆண்கள் நிற்கமாட்டார்கள். தலைக்கு நேரே நிற்பதா? ஆண்களை இறக்கினால் ஓடு போட ஆள் இல்லை. ஓடு போடாவிட்டால் மழை. கத்தினேன்.

"ஆம்பிளையள் எல்லாரும் இறங்குங்கோ! வளவு விளிம்புக்குப் போய்க் கடலைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ! ஒருத்தரும் திரும்பக்கூடாது!"

இறங்கினார்கள். மேசன், வெள்ளைக்காரப் பையன்கள், சம்மாட்டியார், போதகர், என் தம்பி, எல்லோரும் வேலி ஓரமாக வரிசையில் போய்க் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். கூரையில் மிஞ்சியது தலைவியும் அவருடைய பெட்டைகளும்தான். கிழமைக்கணக்காக மேசனோடு நின்றதில் ஓடு கொளுவ அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஓடுகள் எல்லாம் நிலத்தில் அடுக்கியிருந்தன. அவர்களே இறங்கி, எடுத்து, ஏறிக்கொண்டிருந்தால் மழை முந்திவிடும்.

அன்று சமையல் முறை இரண்டாம் தடவையாகச் சம்மாட்டியார் வீட்டாருடையது. அவர் மனைவி கிடாரத்தின் அருகில் நின்றார். கனத்த உடம்பு, கை நிறையக் காப்பு, தெருவில் இறங்கினால் குடை இல்லாமல் இறங்காதவர். அகப்பையைக் கிடாரத்துக்குள் போட்டார். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார். ஓட்டு அடுக்கிலிருந்து ஒரு ஓட்டைத் தூக்கி, ஏணியடியில் நின்றவளிடம் நீட்டினார்.

"என்ன வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள்? பிடியுங்கோவன்!"

அவ்வளவுதான். சோறு பார்க்க வந்த பெண்கள், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள், மீன் விற்கப் போகிற வழியில் கடகத்தோடு நின்ற பெண்கள் எல்லோரும் வரிசையில் வந்துவிட்டார்கள். ஏணியிலும் சாரத்திலும் ஏறி நின்றார்கள். ஆணிடம் கதைக்கும்போது கதவுக்குப் பின்னால் நின்று கதைக்கிறவள் ஒருத்தி சாரத்தின் உச்சியில் நின்று, வெள்ளைக்காரப் பெட்டையின் கைக்கு ஓட்டைக் கொடுத்தாள். ஓடுகள் கைக்குக் கை மேலே போயின.

இதை நான் கதவு நிலைக்கூடாக இடைக்கிடை பார்த்ததுதான். மிச்சமெல்லாம் காதால் கேட்டது. வேலியடியிலிருந்து மேசன் கடலைப் பார்த்தபடியே கத்துகிறார்:

"கீழ் வரிசையிலையிருந்து மேலை போங்கோ! ஓடு சிலாகையிலை வடிவாய்ப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு! நீர் கடலைப் பாரும்!" என்கிறார் சம்மாட்டியார் மனைவி.

"முகட்டு ஓட்டைச் சும்மா கவிட்டு விடுங்கோ, சாந்து பிறகு பாப்பம்!"

"தெரியும், தெரியும்! அங்காலை பாரும்!"

கட்டிலில் மச்சாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கண்ணை மூடு என்றேன், மூடமாட்டேன் என்றாள். வலி வரும்போது என்னைப் பார்ப்பாள், விடும்போது கூரையைப் பார்ப்பாள். வானம் ஒவ்வொரு வரிசையாகக் குறைந்து வந்தது. அறை இருண்டுகொண்டே போனது. பிறகு ஒரு முழ அகலத்துக்கு மட்டும் வெளிச்சம். பிறகு அதுவும் இல்லை. லாம்பைக் கொளுத்தச் சொன்னேன். மேலே முகட்டில் ஓடு உரசுகிற சத்தம் முகட்டின் ஒரு தலையிலிருந்து மறு தலை வரைக்கும் போய் நின்றது.

"இப்ப முக்கு!" என்றேன். "உன்ரை பலம் முழுக்க!"

மழை எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. பிள்ளையின் தலை என் கையில் இருந்தது. பிறகு முழுப் பிள்ளையும் இருந்தது. பெட்டை. அவள் கத்தின கத்தில் மழைச் சத்தம் அடங்கிப்போனது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் ஓட்டின் மேல் மழை அடிப்பது உறைத்தது. நல்ல மழை, ஐப்பசி மழை. கூரையைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். நிலத்தைப் பார்த்தேன். பிள்ளையைத் துடைத்தேன். துடைத்த பிள்ளை துடைத்தபடியே இருந்தது.

மச்சாள் கையை நீட்டிப் பிள்ளையின் முதுகைத் தடவினாள். பிறகு வயிற்றை. பிறகு கால்களை. சுற்றியிருந்த துணியை விரலால் கசக்கிப் பார்த்தாள்.

"காய்ஞ்சிருக்கு மச்சாள்," என்றாள். அப்போதுதான் அழுதாள். அன்று நானும் அழுதேன். அழுகிறவர்களை வெளியே துரத்துகிற எனக்கு அன்று என்னைத் துரத்த ஆள் இல்லை.

வாசலுக்கு வந்தேன். பெண்கள் எல்லோரும் கூரை இறவாரத்தின் கீழ் நனைந்த சேலையோடு நெருங்கி நின்றார்கள். தலைவியின் தலைமயிர் முகத்தில் ஒட்டியிருந்தது. சம்மாட்டியார் மனைவி அவருடைய தோளில் கை போட்டிருந்தார். பிள்ளையைக் கண்டதும் ஊரே அதிரக் குரவை போட்டார்கள். வெளிநாட்டுப் பெட்டைகளும் நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்கள். வரவில்லை, சும்மா கூவினார்கள்.

கொட்டுகிற மழைக்குள், வேலி ஓரத்தில், ஆண்கள் இன்னும் நின்றார்கள். போதகர், மேசன், சம்மாட்டியார், பையன்கள், என் தம்பி. தலை முதல் கால் வரை தண்ணீர் ஓட, கடலைப் பார்த்தபடி, வரிசை குலையாமல். பிள்ளையின் சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். குரவையும் கேட்டிருக்கும். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. திரும்பலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லையே!

பிள்ளையை இறவாரத்தின் விளிம்புவரை கொண்டுவந்து, மழை படாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தேன்.

"இனித் திரும்புங்கோ!" என்று கத்தினேன்.